வக்கீல் கடித்த வார்கள்

பிப்ரவரி 9

தங்கைக்கு,

இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது. இரண்டு மாதம் பொறுத்தாயிற்று. உடம்பு எப்படி என்று கேட்பாய்: தோளில் நான்கு நகக் கீறல், மற்றபடி நடமாடுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாகத்தான் இருப்பீர்கள். பாரத்தை இன்னொருவன் தலையில் இறக்கிவிட்டுப் போனவர்களுக்குத் தூக்கம் நன்றாகவே வரும்.

அப்பா போன அன்று வந்தீர்கள், அழுதீர்கள், ஐந்தாம் நாள் ரயிலேறினீர்கள். ஏறும்போது என் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்தாய். மறுமுனையில் அவருடைய நாய். "ரெண்டு வாரம் வெச்சுக்கோண்ணா, நான் எடுத்துக்கறேன்" என்றாய். உன் ஊர்க் காலண்டரில் வாரத்துக்கு எத்தனை நாள்?

காலையில் நான் வேலைக்குக் கிளம்பியதும் குரைக்கத் தொடங்கி, திரும்பி வரும்வரை குரைக்கிறது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் மாடிப்படியில் நிறுத்தி, "சார், நீங்க ஆபீஸ் போனதும் உங்க வீட்ல ஒரு மாநாடே நடக்குது" என்றார். பிறகு கடிதமும் கொடுத்துவிட்டார். ஜூன் முப்பதுக்குள் நாய் போக வேண்டும். இல்லையென்றால் மாநகராட்சி வண்டியைக் கூப்பிடுவார்களாம். அந்த வண்டியில் போன நாய் எதுவும் திரும்பி வந்ததாக யாரும் சொல்லவில்லை.

உன்னிடம் கொண்டுவர வேண்டுமானால் ஒன்பது மணி நேரம் சாலை. இவ்வளவு பெரிய நாயை ரயிலில் நம்மோடு ஏற்ற மாட்டார்கள், சரக்குப் பெட்டியில் தனியாகத்தான் அடைப்பார்கள். மாப்பிள்ளைக்குக் கண் அறுவை ஆனதால் வண்டி ஓட்டக்கூடாது. உனக்கு ஓட்டத் தெரியாது. ஆக, நான். எப்போதும் போல நான்.

நேற்று ஒத்திகை பார்த்தேன். மார்பில் ஒரு கவசம், அதிலிருந்து சீட் பெல்ட் கொக்கிக்கு ஒரு வார். மூன்றாவது சிக்னலில் வாரைக் கடித்துத் துண்டாக்கிவிட்டு என் தோள்மேல் பாய்ந்தது. ஒரு பேருந்தின் பின்புறத்தை இரண்டு முழ இடைவெளியில் பார்த்தேன்.

கறுப்பு உடம்பு, கழுத்தில் வெள்ளைத் துண்டு, ஓயாத வாய். வக்கீல் என்று அப்பா பேர் வைத்தது சரிதான். நாய்க்குக்கூட மரியாதையாகப் பேர் வைக்கத் தெரிந்த மனிதர்.

ஒரு கேள்வி. அன்று அவர் எங்கே போய்க்கொண்டிருந்தார்? காரை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்மேல் சாய்ந்திருக்கிறார், பின் சீட்டில் நாய். எதிரே மருந்துக் கடை, அதனால் மருந்து வாங்கத்தான் என்று போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். அவருடைய வீட்டுக்குக் கீழேயே மருந்துக் கடை இருக்கிறது. என்னோடு நான்கு வருடம் பேசாத மனிதருக்கு என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி என்ன வேலை? உனக்குத் தெரியும். தினமும் உன்னோடுதானே பேசுவார்.

போன் செய்யாதே. என்னிடம் போன் இல்லை. எழுது.

அண்ணன்


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

கீறலுக்கு மருந்து போட்டாயா? ஊசி போட்டாயா? முதலில் அதை எழுது. இங்கே அவருக்குக் கண் தேறி வருகிறது. எனக்கு முழங்கால் வலி, அது வயசு.

கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "உங்க அண்ணன்கூட ஒரே வண்டியில ஒன்பது மணி நேரம் உட்காரணும்னா, நானே பெல்ட்டைக் கடிப்பேன்" என்றார். கோபித்துக்கொள்ளாதே.

நாய் வளர்க்கிற என் தோழி சொன்னவை: கடையில் கசப்புத் திரவம் கிடைக்கும், வாரில் தடவு. கிளம்பும் முன் நன்றாக ஓட விட்டுக் களைப்பாக்கு. வாயில் கடிக்க வேறு ஏதாவது கொடு. கொஞ்ச தூரம் போய்ப் பழக்கு. எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. அப்பாவோடு ஆறு வருடம் இதே மாதிரி வாரில் கட்டிப் போனவன் ஒருநாளும் கடித்ததில்லை.

எப்போதிலிருந்து போன் வைத்துக்கொள்வதில்லை நீ? வேலைக்கு ஒன்று வேண்டாமா? ஏதாவது ஆனால் யார் எனக்குச் சொல்வார்கள்?

வேளாவேளைக்குச் சாப்பிடு.

தங்கை


மார்ச் 2

தங்கைக்கு,

ஊசி போட்டாயிற்று. உன் முழங்காலுக்குப் படி ஏறாதே. மாப்பிள்ளையின் நகைச்சுவைக்குச் சிரித்தேன் என்று சொல். சிரிக்கவில்லை.

கசப்புத் திரவம்: நக்கி முடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று என்னைப் பார்த்தது. களைப்பாக்குவது: களைத்தது நான். கடிக்க ரப்பர் எலும்பு: அதை ஓரமாக வைத்துவிட்டு வாரைக் கடித்தது. உன் தோழிக்கு என் வணக்கம்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது இந்தக் குடும்பத்தில் யாருக்கும் நினைவிருப்பதில்லை. பாரம் தூக்கும் கயிறு, சங்கிலி, பட்டை, இவற்றை இயந்திரத்தில் மாட்டி அறும்வரை இழுத்து, எங்கே அறுந்தது, ஏன் அறுந்தது என்று இருபத்தாறு வருடமாக எழுதுகிறேன். டிசம்பரில் என்னைத் தாண்டி ஆய்வகத்தின் தலைமைக்கு உட்கார வைத்தார்களே, கொட்டாவி என்று நாங்கள் கூப்பிடும் அந்தப் பயல், அவனுக்கு அறுந்த முனையைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஒரு நாயின் வாய் எனக்குப் பெரிய விஷயமில்லை.

தோல் வார்: நான்கு நிமிடம். கித்தான்: ஏழு. லாரிச் சரக்கைக் கட்டும் நைலான் பட்டை, இரண்டு டன் இழுத்தாலும் அறாது: பதினொன்று. அடுத்தது எஃகுக் கம்பி. அதைக் கடித்துப் பார்க்கட்டும்.

என் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை.

அண்ணன்


மார்ச் 11

அண்ணா,

நலம் விசாரிக்கக்கூட நேரமில்லை, இதை அவசரமாகப் போடுகிறேன். கம்பி வேண்டாம். வேண்டவே வேண்டாம். பல் போய்விடும். வார் அறக்கூடாது என்பதா நமக்கு முக்கியம்? அவன் கடிக்கக்கூடாது என்பதுதானே? ஒருமுறையாவது மருத்துவரிடம் கேள். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

தங்கை


ஏப்ரல் 1

தங்கைக்கு,

உன் கடிதம் ஒருநாள் தாமதமாக வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். வக்கீல் நன்றாக இல்லை. கோரைப் பல்லில் பாதி கம்பியோடு வந்துவிட்டது. பின் சீட்டெல்லாம் ரத்தம். கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பி ஜெயித்துவிட்டது, சந்தோஷமா?

கால்நடை மருத்துவர் ஒரு குள்ளமான அம்மா. என் மகள் வயது இருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தால். பல்லைச் சரிசெய்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே, "என்ன போட்டுக் கட்டினீங்க?" என்றார். நான் எந்தெந்த வார் எத்தனை நிமிடம் தாங்கியது என்பதையெல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"வாரைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கீங்க. நாயைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே. எப்ப கடிக்கிறான்?"

"கார்ல ஏறினா கடிக்குது."

"ஏறினதுமா? ஓடும்போதா? திரும்பும்போதா?"

நான் மறுபடி நைலான் பட்டையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

"பார்க்காமலே இத்தனை வார் மாத்தினீங்களா?" என்றார், வெளியே ஆறு பேர் பூனையும் கையுமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது. அறுந்த முனையைப் படிப்பவனிடம்! எனக்கு வந்த கோபத்தில் பின் சீட்டைப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி வாங்கி மாட்டினேன். அவர் தவறு என்று நிரூபிக்கத்தான்.

இரண்டு வாரம் குறித்துக்கொண்டதில் தெரிந்தது இது. வண்டி ஓடும்போது வக்கீல் வாரைத் தொடுவதில்லை. ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நீதிபதி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. வண்டி நின்றால் போதும். சிவப்பு விளக்கு, பெட்ரோல் பங்க், ரயில்வே கேட், எங்கே நின்றாலும் முதலில் என் பின்னந்தலையைப் பார்க்கிறது, பிறகு வாரைப் பிடித்துக்கொள்கிறது. கிளம்பினால் விட்டுவிடுகிறது. ஒரு நாய்க்கு இவ்வளவு வீம்பு எங்கிருந்து வருகிறது? வளர்த்தவரிடமிருந்துதான்.

கேள்வி அப்படியே இருக்கிறது.

அண்ணன்


மே 6

தங்கைக்கு,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. உயிரோடு இருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள நான் இனி யாரைக் கேட்பது? நான் இருக்கிறேன், ரத்த அழுத்தம் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஏற்றியவர்களில் நீயும் ஒருத்தி.

போன மாதம் ரயில்வே கேட்டில் நின்றோம். வக்கீல் வாரில் வாயை வைத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்தினேன். "கடி, நல்லா கடி! எல்லாரும் என் உயிரைத்தானே கடிக்கிறீங்க, நீ மட்டும் என்ன பாவம் பண்ணினே!" கத்திக்கொண்டே கண்ணாடியில் பார்த்தேன். வாரை விட்டுவிட்டுக் காதைத் தூக்கிக்கொண்டு கேட்டது. நான் நிறுத்தினேன், மறுபடி வாரைப் பிடித்தது. பேசினேன், விட்டது. கேட் திறக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. பன்னிரண்டு நிமிடமும் பேசினேன்.

அதிலிருந்து ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நான் பேச வேண்டியிருக்கிறது. கொஞ்சிப் பேச எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். திட்டத்தான் வரும். கொட்டாவியைத் திட்டினேன். சங்கச் செயலாளரைத் திட்டினேன். உன்னைத் திட்டினேன், அதற்கு மூன்று சிக்னல் பிடித்தது. பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்காரர் எட்டிப் பார்த்து, "யார்கூட சார் இவ்வளவு சண்டை?" என்றார். "வக்கீல்கூட" என்றேன். "ஃபீஸ் வாங்கிட்டுக் கேஸைத் தோத்துட்டாரா? எல்லாரும் அப்படித்தான் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிச்சமிருந்தவர் அப்பா. அவருக்கு நெடுஞ்சாலை தேவைப்பட்டது. இடுப்பு வலி என்று செய்தித்தாள் கட்டைக்கூடக் குனிந்து எடுக்காத மனிதர், என் மனைவி என்னை விட்டுப் போன அன்று அவளுடைய இரண்டு பெட்டிகளையும் மூன்று மாடி இறக்கித் தன் காரில் வைத்தார். நான் கதவருகே நிற்கும்போதே சொன்னார், "நீ போறது சரிதாம்மா. இவன்கூட யாராலயும் இருக்க முடியாது." பெற்ற மகனின் வாசலில் நின்று! அதை வக்கீலிடம் ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போலத்தான் கேட்கிறான்.

இப்போது இரண்டு மணி நேரம் வரை ஒரு வாரும் அறுவதில்லை. என் தொண்டைதான் அறுகிறது.

பதில் எழுது. இல்லை, எழுத மாட்டேன் என்றாவது எழுது.

அண்ணன்


மே 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அழுத்தத்துக்கு மாத்திரையை விடாதே.

உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்துவிட்டு என்னால் பேனாவைத் தொட முடியவில்லை. 'வண்டி நின்றால் முதலில் என் பின்னந்தலையைப் பார்க்கிறது' என்று நீயே எழுதியிருக்கிறாய். எழுதிவிட்டு வீம்பு என்கிறாய். அன்றைக்கு வண்டி நின்றது, அண்ணா. எப்போதும் அவனோடு பேசிக்கொண்டே ஓட்டுகிறவர் முன்னால் பேச்சை நிறுத்திவிட்டார். அவன் பின்னால் கட்டிக் கிடந்தான். கடித்து அறுத்துக்கொண்டு முன்னால் போய்க் கண்ணாடியில் மோதி மோதிக் குரைத்த பிறகுதான் கடைக்காரர் ஓடி வந்தார். அவன் அன்றிலிருந்துதான் கடிக்கிறான். உனக்கு இது தோன்றவே இல்லையா? இல்லை, தோன்றியும் எழுதவில்லையா?

நீ கேட்டதற்குப் பதில். சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் உன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். அனுப்பியது நான். ஒரு வருடமாக நச்சரித்தேன். "நீங்க சொன்னது தப்புப்பா. போய்க் கேளுங்க, மன்னிச்சிடுடான்னு ஒரு வார்த்தை." அன்று காலையில் சரி என்றார். புதன்கிழமை உனக்கு அரை நாள், வீட்டில் இருப்பாய் என்று நான்தான் சொன்னேன். "கதவை மூஞ்சியில சாத்திட்டான்னா? முதல்ல தெரு முனையில நின்னு போன் பண்றேன். எடுத்தான்னா ஏறிப் போறேன்" என்றார். பயந்திருந்தார், அண்ணா. நம் அப்பா.

நான் அனுப்பாமல் இருந்திருந்தால் வீட்டில் படுத்திருப்பார், பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். ஐந்து மாதமாக இதோடுதான் எழுந்திருக்கிறேன், படுக்கிறேன். திட்டுவதானால் திட்டு.

அவருடைய போன் என்னிடம்தான் இருக்கிறது. உன் எண்ணுக்கு மூன்று அழைப்பு. நான்கு பத்து. நான்கு பன்னிரண்டு. நான்கு பத்தொன்பது. போன் ஆய்வகத்து லாக்கரில் இருந்தது என்று போலீஸில் சொன்னாய். அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

தங்கை


மே 27

தங்கைக்கு,

நலம். ஆய்வகத்துக்குள் போன் கொண்டுபோகக்கூடாது. லாக்கரில் வைத்துவிட வேண்டும். சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறது. அன்று கூட்டம் இருந்ததால் அரை நாளில் வரவில்லை.

நேற்று நான்கு மணி நேரம் ஓட்டினேன். வார் அறவில்லை. மழைத் தண்ணீர் தேங்கி ஒரு இடத்தில் நாற்பது நிமிடம் நின்றோம். ஜூன் கடைசி சனிக்கிழமை கொண்டுவருகிறேன். அவன் படுக்கும் விரிப்பு, மாத்திரைச் சீட்டு, எல்லாம் வரும். பல் உடைந்த பக்கம் கெட்டியானது எதுவும் கொடுக்கக்கூடாது.

உன்மேல் தவறு இல்லை.

அண்ணன்


ஜூன் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். நேற்றுதான் ஒழுங்காகத் தூங்கினேன். முழங்கால்கூடக் கொஞ்சம் தேவலை.

பின்பக்க அறையை ஒழித்துவிட்டோம். அவனுக்கு ஒரு மூலை, உனக்குக் கட்டில். நாயை இறக்கிவிட்டுத் திரும்பி ஓடலாம் என்று நினைக்காதே, ஒரு வாரமாவது இரு. "வழியில என்னையும் திட்டச் சொல்லு, ஒரு சிக்னலுக்காவது வர்றேன்" என்கிறார் இவர்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். லாக்கர் விஷயத்தை எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு. நீ எவ்வளவு கோபக்காரனானாலும், போன் கையில் இருந்திருந்தால் எடுத்திருப்பாய், ஓடியிருப்பாய். எனக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொண்டு மெதுவாக ஓட்டி வா.

தங்கை


ஜூன் 19

தங்கைக்கு,

உடம்பைப் பற்றி இன்று எதுவும் எழுதப்போவதில்லை.

'எனக்குத் தெரியும்' என்று எழுதியிருக்கிறாய். உனக்குத் தெரியாது. போன் என் கையில் இருந்தது.

அன்று மதியம் கூட்டம் போட்டு, கொட்டாவிதான் இனி தலைமை என்று அறிவித்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அங்கே இருக்க முடியாமல், லாக்கரிலிருந்து போனையும் சிகரெட்டையும் எடுத்துக்கொண்டு பின்படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். போன் அடித்தது. திரையில் 'அப்பா'. நான்கு வருடத்தில் முதல் தடவை.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இவருக்கு யாரோ அதற்குள் சொல்லிவிட்டார்கள், ஆறுதல் சொல்லக் கூப்பிடுகிறார், இல்லை, நான் அப்பவே சொன்னேனே என்று சொல்லக் கூப்பிடுகிறார். அடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அது எனக்கு இனித்தது. மறைக்கப்போவதில்லை. அன்று முழுவதும் கிடைத்த ஒரே இனிப்பு அதுதான். இரண்டாவது தடவை அடித்ததும் படியில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிகரெட்டை முடித்தேன். மூன்றாவது தடவை அடித்தபோது போனை நிமிர்த்தி, அழைப்பைத் துண்டித்தேன். பேசாமல் விட்டிருந்தால் கையில் போன் இல்லை என்றாவது நினைத்திருப்பார். துண்டித்தால் தெரியும் இல்லையா? நான் இருக்கிறேன், வேண்டுமென்றே எடுக்கவில்லை என்பது தெரியும்.

இரண்டாவது அழைப்புக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஏழு நிமிடம். நீ நேரத்தை எழுதிய பிறகு எனக்கு வேறு யோசனை இல்லை. முதல் இரண்டும் மன்னிப்புக் கேட்க. மூன்றாவது எதற்கு? ஏழு நிமிடம் தயங்கினாரா, அல்லது அதற்குள் வலி வந்துவிட்டதா? ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் என்னையா கூப்பிட்டார்? மூன்று தெரு தள்ளி வீட்டில் இருக்கிறான், ஓடி வந்துவிடுவான் என்று நினைத்தாரா? நான் வீட்டில் இல்லை. ஆனால் எடுத்திருந்தால் ஆம்புலன்ஸை நான் கூப்பிட்டிருப்பேன்.

போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த அப்பாவின் பையில் அன்று வக்கீல் அறுத்த வாரும் இருந்தது. நான் வாங்கிய லாரிப் பட்டையின் அதே ரக நைலான். அதைப் பெரிதாக்கும் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன், என்னால் பார்க்காமல் இருக்க முடியாது. முனை ஒரே பக்கமாகத் தேய்ந்திருக்கிறது, இடம் மாற்றவில்லை, நடுவில் நிறுத்தவில்லை. பதினோரு நிமிடம், நானே அளந்தது. அதைப் பிப்ரவரியிலேயே பார்த்தேன். ஏன் கடிக்கிறான் என்பதும் ஏப்ரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் வீம்பு என்று எழுதினேன். அந்தப் பல்லை நான் உடைத்தேன்.

மழையில் நாற்பது நிமிடம் நின்றோம் என்று எழுதினேனே. அன்று திட்டுவதற்கு ஆள் தீர்ந்துவிட்டது. எல்லாரையும் ஒரு சுற்றுத் திட்டி முடித்தாயிற்று, தண்ணீர் வடியவில்லை, அவன் வாரைப் பிடித்துவிட்டான். வேறு வழியில்லாமல் இதைச் சொன்னேன். முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அவனிடம்தான். விட்டுவிட்டுக் கேட்டான். முடித்த பிறகும் நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்போதும் கடிக்கவில்லை.

ஆனால் நான் மனம் திருந்திவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே. அவர்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். நான்கு வருடத்துக்கு முன்பே படியேறி வந்திருக்கலாம். தெரு முனையில் நின்று அனுமதி கேட்கிற அளவுக்கு என்னைக் கண்டு பயப்பட வேண்டுமா? அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தவன்மேல்தான் எல்லாவற்றையும்விட அதிகக் கோபம். அவனோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டியிருக்கிறது. உன்மேல் தவறு இல்லை என்று எழுதினேன். அது மட்டும் உண்மை. அந்தக் கடிதத்தில் மற்றதெல்லாம் லாக்கர்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம். இந்தக் கடிதம் இரண்டு நாள் முன்னால் வந்துவிடும். நீ போன் செய்து வராதே என்று சொல்ல வழியில்லை, எனக்குத் தெரியும். அதனால் இப்படிச் செய். மூன்று மணிக்கு உன் வாசலில் வண்டியை நிறுத்துவேன். இன்ஜினை அணைத்துவிட்டு அவனோடு பேசிக்கொண்டிருப்பேன். நீ வந்து பின் கதவைத் திறந்து அவனை மட்டும் இறக்கிக்கொண்டு போகலாம். எதுவும் சொல்ல வேண்டாம். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். அறை, கட்டில், அதெல்லாம் இதைப் படிக்கும் முன் நீ ஒழித்து வைத்தவை. படித்த பிறகு என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது.

கீழே 'அண்ணன்' என்று எழுதப் போய் நிறுத்திவிட்டேன். அதைச் சொல்வதும் சொல்லாததும் இனி உன் இஷ்டம். பேரைப் போடலாமென்றால் என் கையெழுத்து அவருடைய முதலெழுத்தில்தான் தொடங்குகிறது. அந்த ஒரு எழுத்தைப் போட்டுப் பார்த்தேன், அடித்துவிட்டேன். தபால் எடுக்க இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது, வக்கீல் கதவருகே காத்திருக்கிறான். கையெழுத்து இல்லாமலே இதைப் பெட்டியில் போடப் போகிறேன்.